கஜபதி சொன்னதாக நான் எழுதியது

எனக்குப் பாட வராது. நான் சங்கீத விமர்சகன் என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். "அப்படியானால் நீங்களும் நன்றாகப் பாடுவீர்களே?" நீங்கள் கேட்கவில்லை இன்ஸ்பெக்டர் சார், உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் கேட்டார். அவர்மேல் தவறில்லை. சின்ன வயதில் எனக்கும் ஆசை இருந்தது. நம் திருத்தணி மலைமேல் கிருத்திகைக்குப் பாட வருகிறவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டியிருக்கிறேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். பாட வராதவனுக்குக் கேட்கவும் வரக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லையே.

இன்று நான் வந்தது ஒரு பிழையைத் திருத்துவதற்காக. எங்கள் குடும்ப நிலத்துப் பழைய கிணற்றைத் தூர் வாரும்போது கிடைத்த எலும்புகளைப் பற்றி, 'பெயர் தெரியாத ஆண், யாரோ வழிப்போக்கன், தவறி விழுந்திருக்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாமே தப்பு. பத்திரிகைத் தொழிலில் இருந்தவனால் தப்பான செய்தியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அவன் பெயர் கஜபதி. பொதட்டூர்பேட்டை கஜபதி. நீங்கள் கச்சேரி கேட்கிறவராக இருந்தால் பெயர் தெரிந்திருக்கும். ரங்கூனில் ஜப்பான்காரன் போட்ட குண்டில் அவன் செத்துப்போனான் என்றும் படித்திருப்பீர்கள். அதை எழுதியவன் நான்.

நிதானமாகவே சொல்கிறேன். எழுதிக்கொள்ள உங்களுக்கும் வசதியாக இருக்கும்.

அவனை முதலில் கேட்டது பொதட்டூர்பேட்டையில், ஒரு பஜனையில். தறிக்காரர் பையன். நெய்துகொண்டே பாடிப் பழகியதால் மிதிகட்டையை மிதிக்கிறமாதிரி காலால் தாளம் போடுவான், மேடையில்கூட. நான் அப்போதுதான் சென்னையில் 'கானதீபம்' வாரப் பத்திரிகையில் சேர்ந்து சங்கீதப் பக்கம் எழுதத் தொடங்கியிருந்தேன். அவனைக் கூட்டிக்கொண்டு போய் என் அறையில் வைத்துக்கொண்டேன். சபாக்காரர்களிடம் சொன்னேன். எழுதினேன். அவனுக்கு ஒரு கச்சேரி கிடைத்தால் எனக்கு ஒரு கட்டுரை கிடைக்கும். என் கட்டுரை வந்தால் அவனுக்கு அடுத்த கச்சேரி கிடைக்கும். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மேலே வந்தோம். இதை யாரும் மறுக்க முடியாது.

அவன் நல்லவன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சிரித்துக்கொண்டே இருப்பான். அந்தச் சிரிப்பினால்தான் எல்லாம் வந்தது.

ஒரு கச்சேரியில் அவன் விரிவாகப் பாடிய ராகத்தை நான் பைரவி என்று புகழ்ந்து எழுதிவிட்டேன். அவன் பாடியது மாஞ்சி. இரண்டும் ஒன்றுக்கொன்று மிகவும் கிட்டத்தில் இருப்பவை, பெரிய பெரிய ஆட்களே தடுமாறுவார்கள். ஆனால் பெரிய ஆட்கள் தடுமாறினால் அச்சில் வருவதில்லை. அடுத்த வாரம் மேடைக்குப் பின்னால் நாலு வித்வான்கள் உட்கார்ந்திருந்தார்கள். கஜபதி என் தோளில் கைபோட்டுக்கொண்டு, "எங்க பரந்தாமன் பேனா பெரிய பேனா. காதுதான் கொஞ்சம் சின்னது. மாஞ்சி பாடுனா பைரவின்னு போட்டுட்டான். போவட்டும், ரெண்டும் பங்காளிங்கதானே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் அதை அத்தோடு மறந்துவிட்டான். மறுபடி என்னிடம் அதைப் பற்றிப் பேசியதேயில்லை.

பிறகு ஒரு நாள் ஜலதோஷத்தோடு பாடினான். சபாக்காரர் வற்புறுத்தலுக்காகப் பாடினான். நான் எழுதினேன்: 'மேல் ஷட்ஜத்தில் குரல் நிற்கவில்லை. இது காலம் முடிந்த குரல். ஓய்வெடுத்துக்கொள்வது அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது.' அதில் பொய் ஒன்றும் இல்லை. அன்று நிற்கவில்லைதான். ஜலதோஷம் என்று எனக்குத் தெரியும். அதை எழுதவில்லை, அவ்வளவுதான். இடம் போதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் சபாக்கள் அவனைக் கூப்பிடவில்லை. ரங்கூனில் இருந்த நம் ஊர் வியாபாரிகள் கூப்பிட்டார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே கப்பலேறிவிட்டான். நாற்பத்தொன்று கடைசியில் அங்கே குண்டு விழுந்தது. அவன் தங்கியிருந்த தெருவே இல்லை என்று யாரோ தந்தி கொடுத்ததாகச் செய்தி வந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சமயத்தில் யாரைப் பற்றியும் ஒன்றும் தெரியவில்லை.

இந்த இடத்தில் என் நிலைமையைச் சொல்ல வேண்டும். காகிதக் கட்டுப்பாடு வந்துவிட்டது. பத்திரிகை பாதியாக இளைத்துவிட்டது. ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "யுத்த காலத்துல பாட்டப் பத்தி யாருய்யா படிக்கறாங்க? அடுத்த மாசத்தோட உம்ம பக்கத்த நிறுத்திக்கலாம்" என்றார். எனக்கு வேறு தொழில் தெரியாது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஊரில் நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் இறங்கி உழைக்கிற உடம்பும் எனக்கில்லை. கடைசியாக ஒன்று எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டேன். சரி என்றார். கஜபதிக்கு அஞ்சலி எழுதினேன். ஒரே மூச்சில் எழுதினேன். என் வாழ்க்கையில் அதைப்போல் வேறொன்று எழுதியதில்லை.

அதில் ஒரு இடம் உண்டு. கப்பலேறுவதற்கு முந்தின மாலை கஜபதி என் அறைக்கு வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு, 'பரந்தா, என் குரலைப் பற்றி நீ எழுதினது சரிதான். உன் காதைத் தாண்டி நான் ஒரு ஸ்வரம்கூடப் பாடினதில்லை. நான் திரும்பி வரமாட்டேன் என்று மனசு சொல்கிறது' என்றான். இப்படி எழுதினேன்.

அவன் வரவில்லை. ஆனால் வந்திருக்கலாம் என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

அந்த இதழ் ஒன்றுகூட மிச்சமில்லை. மறுபடி அச்சடித்தார்கள். பெண்கள் அதைச் சத்தமாகப் படித்து அழுதார்கள் என்று கடிதங்கள் வந்தன. சபாக்களில் அஞ்சலிக் கூட்டம் போட்டு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எந்த ஊரிலும் அந்த முந்தின மாலையைச் சொல்லும்போது கூட்டம் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கும். ஆசிரியர் என் பக்கத்தை நிறுத்தவில்லை.

அவன் மனைவி ரஞ்சிதம் பொதட்டூர்பேட்டையில் இருந்தாள். சின்னப் பெண்தான், குழந்தை இல்லை. தறியில் உட்கார்ந்து மாமனாருக்கு உதவிக்கொண்டிருந்தாள். ஊரில் பெரியவர்கள் எல்லாம் "பத்திரிகையிலயே போட்டாச்சு, இன்னும் இன்னா?" என்றார்கள். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். போனேன்.

"பாக்காத பொணத்துக்கு எப்டிண்ணா தாலிய கழட்டறது?" என்று கேட்டாள்.

நான் என்ன சொல்வது? எழுதியாகிவிட்டது. "திரும்பி வரமாட்டேன் என்று என்னிடம் சொன்னானம்மா" என்றேன்.

அவள் தாலியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு, "எங்கிட்ட நல்லாத்தாண்ணா பேசிட்டுப் போனாரு. உங்ககிட்ட வந்து அப்டி சொன்னாரா?" என்றாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகுதான் கழற்றினாள். அந்த வருத்தம் அவளுக்கு இருந்தது: புருஷன் கடைசி வார்த்தையைத் தன்னிடம் சொல்லாமல் சிநேகிதனிடம் சொல்லிவிட்டுப் போனானே என்று. கூட்டங்களுக்கு அவளையும் அழைத்துப் போவேன். மேடையில் ஓரமாக ஒரு நாற்காலி போடுவார்கள். அதனால் அவளுக்கு ஒரு மரியாதை கிடைத்தது.

சென்னையில் குண்டு விழும் என்று பயந்து பட்டணமே காலியானபோது நானும் திருத்தணிக்கு வந்துவிட்டேன். கட்டுரைகளை ரயிலில் அனுப்பிக்கொண்டிருந்தேன். நாற்பத்துமூன்றாம் வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் பந்தல் போட்டு கஜபதி நினைவு விழா நடத்த ஏற்பாடு செய்தேன். பெயர் பெற்ற வித்வான்கள் வர ஒப்புக்கொண்டார்கள். அந்த அஞ்சலியைத் தனிப் புத்தகமாகப் போடுவதற்கு, எங்கெங்கோ அலைந்து காகிதமும் வாங்கியிருந்தேன்.

அவன் வந்தது ஒரு மத்தியான வேளை. அண்ணன் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார், வீட்டில் நான் மட்டும் இருந்தேன், புத்தகத்துக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் தாடியும் கந்தலுமாக ஒருவன் நின்றான். பிச்சைக்காரன் என்று நினைத்து, "மேலண்டை வீட்டில் கேளப்பா" என்றேன்.

"இன்னா பரந்தா, செத்தவனுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுக்க மாட்டியா?" என்றான்.

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. அவனைக் கட்டிக்கொண்டேன். அப்போது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் உண்மையானது. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

பர்மாவிலிருந்து மலையும் காடுமாக நடந்து வந்திருக்கிறான். கூட வந்தவர்களில் விழுந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அசாமில் ஒரு முகாமில் காய்ச்சலோடு மாதக்கணக்கில் கிடந்து, எழுந்து, தோட்டத்துக் கூலிகளோடு வேலை செய்து, பாட்டுப் பாடி டிக்கெட் இல்லாமல் ரயிலேறி வந்தானாம். "அரக்கோணத்துல வண்டி மாறச்சொல்லோ செவுத்துல என் பேரு. 'அமரர் கஜபதி'ன்னு பெருசா. நான் சிரிச்சிகினே நின்னேன். பக்கத்துல நின்னவன் பைத்தியம்னு தள்ளிப் போயிட்டான்" என்றான். கீழே உன் பேரைப் பார்த்தேன், அதனால்தான் முதலில் இங்கே வந்தேன் என்றான்.

சாப்பிட்டுவிட்டு, நான் திருத்திக்கொண்டிருந்த தாள்களை வாங்கிப் படித்தான். சில இடங்களில் சிரித்தான். ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நல்லாத்தான் சாவடிச்சிருக்கிற" என்றான். பிறகு அந்த இடம் வந்தது.

"இது எப்போ நடந்துது? நான் உன் ரூமுக்கு வரவே இல்லியே."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"வந்திருந்தா இன்னா சொல்லியிருப்பேன் தெரியுமா? அன்னிக்கி எனக்கு ஜலதோசம்டா, அதுகூட தெரியலியாடான்னு கேட்டிருப்பேன்." அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ரஞ்சிதம் எப்டி கீறா? அவளும் இத படிச்சாளா?" என்று கேட்டான். படித்தாள் என்றேன். "தாலி?" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் தாள்களைக் கீழே வைத்தான். அதற்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்க்கவில்லை.

உடனே கிளம்புகிறேன் என்று எழுந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது. நிற்க முடியவில்லை. "இப்படித் திடீரென்று போய் நின்றால் அவள் செத்தே போய்விடுவாள். நான் முதலில் போய்ப் பக்குவமாகச் சொல்கிறேன். நீ உடம்பைத் தேற்றிக்கொண்டிரு" என்றேன். இது நியாயமான பேச்சுத்தானே? அவனும் சரி என்றான். சாயந்திரமே வில்வண்டியில் எங்கள் நிலத்துக்குக் கூட்டிப் போய், கிணற்றடிக் கொட்டகையில் படுக்க வைத்தேன். ஊருக்கு வெளியே அமைதியான இடம்.

மறுநாள் நான் பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே போனேன். சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். ரஞ்சிதம் தறியில் இருந்தாள். எழுந்து வந்து மோர் கொடுத்தாள். "விழாவுக்கு இந்த வாட்டியும் நான் மேடை மேல உக்காரணுமாண்ணா? கீழ உக்காந்துக்கறேனே" என்றாள். மேடையில்தான் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கஜபதியிடம், ரஞ்சிதத்துக்கு உடம்பு சரியில்லை, வைத்தியர் அதிர்ச்சி கூடாது என்கிறார், விழா முடியட்டும் என்று சொன்னேன்.

அவனுக்கு வந்தது மலேரியா. கொய்னா மாத்திரை கொடுத்தால் தணியும். கொய்னா மரம் விளைகிற ஜாவா தீவு ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து அது கிடைப்பது அரிது. நான் அரக்கோணம் போய் ரயில்வேயில் தெரிந்தவர் ஒருவரிடம் கெஞ்சி வாங்கிவந்தேன். சட்டைப் பையில் வைத்திருந்தேன். கொட்டகைக்குப் போவேன், ஈரத்துணி போடுவேன், கஞ்சி ஊட்டுவேன், அவன் நடுங்கும்போது கம்பளியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வேன். மாத்திரை பையிலேயே இருக்கும். நாளைக்குக் கொடுக்கலாம் என்று தோன்றும். மறுநாளும் அப்படியே தோன்றும். ஒரு மனிதனைப் பக்கத்திலிருந்து அவ்வளவு அக்கறையாக வேறு யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

காய்ச்சல் வேகத்தில் அவன் பாடுவான். எங்கள் பண்ணையாள் கண்ணையனைப் பந்தல் வேலைக்கு அனுப்பியிருந்தேன். ஒரு நாள் மண்வெட்டி எடுக்க வந்தவன் கேட்டுவிட்டான்.

"கொட்டாயில ஆருங்க பாடிகினு கீறாங்க?"

"கிராமபோன் வைத்திருக்கிறேன், விழாவுக்காக."

அவன் கொட்டகைப் பக்கம் காதைத் திருப்பினான். "கிராமபோன் இருமுதுங்களே" என்றான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனைத் துன்புறுத்தாதீர்கள். அவன் எங்கள் நிலத்தை நம்பிப் பிழைக்கிறவன். கேட்டாலும் கேட்காததுபோல் இருக்க வேண்டியவன்.

காய்ச்சல் தானாகவே இறங்கிவிட்டது. அந்த உடம்புக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. விழாவுக்கு முந்தின நாள் காலை நான் போனபோது தாடியை மழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது, கண் தெளிவாக இருந்தது.

"இன்னிக்கி நான் பொதட்டூர்பேட்ட போறேன்" என்றான். "அவளுக்கு உடம்பு சரியில்லன்னா நான்தான பாக்கணும். நாளைக்கி அவளயும் கூட்டிகினு வந்து உன் பந்தல்ல நானே பாடறேன். வித்வானுங்க எல்லாம் பக்கவாத்தியம் வாசிக்கட்டும்."

நல்ல யோசனை என்றேன். "அந்தப் புத்தகம்?" என்று கேட்டேன்.

"அது இருந்துட்டு போவட்டும். நல்லாத்தான் எழுதிக்கீற. நான் வந்து சொன்னேன்னு எழுதின பாரு, அத மட்டும் எடுத்துடு. நான் மேடையிலயே சொல்லிடறேன், அது நடக்கலன்னு."

நான் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். எத்தனை ஊர்களில் எத்தனை ஆயிரம் பேர் அதைக் கேட்டு அழுதிருக்கிறார்கள் என்று சொன்னேன். அது பொய் என்று தெரிந்தால் நான் எழுதிய வேறெதையும் யாரும் நம்ப மாட்டார்கள், உன்னைப் புகழ்ந்து எழுதியதையும் சேர்த்து, என்றேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் நான் அவன் காலைப் பிடித்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. காலைப் பிடித்துக்கொண்டு, "நீ வந்து சொன்னதாகவே இருக்கட்டும் கஜபதி. ஒரு வாக்கியம்தானே" என்றேன்.

அவன் என் கையை மெதுவாக எடுத்துவிட்டான். "எங்கிட்ட பண்ணத உட்டுடு. அவ எத்தினி நாளு நெனச்சிகினு இருந்திருப்பா, எங்கிட்ட சொல்லாம அவன்கிட்ட சொல்லிட்டுப் போனானேன்னு. அது உனுக்குப் புரியலியா? அத நான் எல்லாரு முன்னாலயும் சொல்லித்தான் ஆவணும்."

பிறகு எழுந்து வெளியே வந்தான். மலையைப் பார்த்தபடி நின்று குரலைச் சரி செய்துகொண்டான். நீண்ட நாள் பாடாதவன் செய்கிறமாதிரி கீழிருந்து மெதுவாக ஆரம்பித்தான். மேலே போனான். மேல் ஷட்ஜத்தில் போய் நின்றான். எவ்வளவு நேரம் நின்றான் என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். கண்ணில் நீர் வந்தது எனக்கு. பக்கத்து வயலில் சருகு கொளுத்திக்கொண்டிருந்தார்கள், புகை இருந்தது.

குளித்துவிட்டுக் கிளம்புகிறேன் என்றான். அந்தக் கிணற்றில் இறங்கப் படி கிடையாது. விளிம்பில் ஒரு கல் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் நின்றுதான் வாளி விட வேண்டும். கயிற்றின் மறுமுனை ஒரு கம்பத்தில் கட்டியிருக்கும். அவன் குனிந்து இழுத்தான். நான் பின்னால் நின்றேன்.

"பரந்தா, கைய குடு. தல சுத்துது" என்றான்.

கொடுத்தேன். பிடித்துக்கொண்டான். நான் அவனைத் தள்ளவில்லை. உங்கள் குறிப்பில் தள்ளினேன் என்று எழுத வேண்டாம். கையை விட்டேன்.

அவனுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் விழும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு கீழேயிருந்து, "பயப்படாத, கயிறு புடிச்சிகினேன். யாரயாவது கூப்டு" என்று குரல் வந்தது. நான் பயந்திருப்பேன் என்று நினைத்தான். கம்பத்திடம் போனேன். நனைந்த கயிறு, முடிச்சு இறுகியிருந்தது. அவிழ்க்க நேரமாயிற்று. நான் இழுத்துத் தூக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "மெதுவா இழு, அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தான். முடிச்சு அவிழ்ந்தது. கயிறு முழுக்க உள்ளே போய்விட்டது.

அதற்குப் பிறகு அவன் என் பெயரைச் சொல்லவில்லை. ரஞ்சிதத்தைக் கூப்பிட்டான். இரண்டு மூன்று தடவை. அந்தக் குரல் நேராக மேலே வந்து நின்றது. கிணற்றுக்குள் எந்தக் குரலும் நன்றாகத்தான் ஒலிக்கும், அதை வைத்து முடிவு சொல்லக்கூடாது. அடங்கும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பாதியில் எழுந்து போகிற பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது.

விழா நன்றாக நடந்தது. ரஞ்சிதம் மேடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நான் பேசினேன். அன்றைக்குப் பேசினதுபோல் எந்த ஊரிலும் பேசவில்லை என்றார்கள். புத்தகம் வெளியாயிற்று. விழா முடிந்ததும் கண்ணையனிடம், நாய் விழுந்து செத்துக் கிணறு கெட்டுவிட்டது, கல்லும் முள்ளும் போட்டு மூடிவிடு என்றேன். அவன் எட்டிப் பார்க்காமலே கல்லைப் போட்டான். போன வருஷம் மழை இல்லாததால் என் அண்ணன் மகன் என்னைக் கேட்காமல் தூர் வார ஆள் விட்டுவிட்டான். இல்லையென்றால் உங்களுக்கும் சிரமம் இருந்திருக்காது.

இப்போது ஏன் வந்தாய் என்று கேட்பீர்கள். ரஞ்சிதத்துக்காகத்தான். விழா முடிந்து சில மாதம் கழித்து, பர்மாவிலிருந்து நடந்து வந்த ஒருவன் பொதட்டூர்பேட்டைக்கு லுங்கி எடுக்க வந்திருக்கிறான். அசாம் முகாமில் கஜபதியைப் பார்த்தேன், அவர் பாட்டுக் கேட்டேன் என்று சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து அவள் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. நெற்றியில் மறுபடியும் குங்குமம் வைத்துக்கொண்டாள். ஊரில் என்னென்னவோ பேசினார்கள். வாரா வாரம் அரக்கோணம் ஸ்டேஷனுக்குப் போய், வடக்கேயிருந்து வருகிறவர்கள் வண்டி மாறுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நாலு வருஷமாகப் போகிறாள். போன மாதம் நானே அங்கே பார்த்தேன். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"உங்ககிட்ட அவரு அப்டி சொல்லலண்ணா. எனக்குத் தெரியும்" என்றாள். "சொல்லலன்னு ஒரு வாட்டி சொல்லிடுங்க. நான் உங்கள ஒன்னும் கேக்க மாட்டேன்."

நான் சொல்லவில்லை. வண்டி வந்துவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

யாரையாவது அனுப்பி, அவளை இனி அரக்கோணம் போக வேண்டாம் என்று சொல்லச் செய்யுங்கள். எலும்புகளை அவளிடமே கொடுத்துவிடுங்கள். கையை விட்டது, கயிற்றை அவிழ்த்தது, மாத்திரையைக் கொடுக்காதது எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த முந்தின மாலையைப் பொய் என்று மட்டும் எழுதச் சொல்லாதீர்கள். அவன் கோபத்தில் பேசினான், காய்ச்சல் விட்ட களைப்பில் பேசினான். இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருந்திருந்தால், நான் எழுதியது சரிதான் என்று அவனே என்னிடம் வந்து சொல்லியிருப்பான்.